சர்வேயர் சார் எடுக்காத கண்ணாடி

வெயிலுக்குப் போடும் கண்ணாடியைப் பற்றி எங்கள் வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. ஒன்றை வாங்கி மூக்கில் மாட்டிக்கொள்வது எப்படி என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் பின்பாதி. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. கல்யாணமான புதிது. என் கணவருக்குப் போளூரில் உத்தியோகம், தினமும் பஸ்ஸில் போய் வருவார். பே கோபுரத் தெருவில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். பின்பகுதியில் சொந்தக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் தாலுகா ஆபீஸில் சர்வேயர். அதனால் தெருவுக்கே அவர் சர்வேயர் சார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். ஒரே மகளைக் கீழ்பென்னாத்தூரில் ரைஸ்மில் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

நாங்கள் குடிவந்த அன்று மாட்டுவண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். அந்தத் தெருவில் மேலே இருந்து அடிக்கிற வெயில் பாதி, மலைப்பாறையிலிருந்து திரும்பி அடிப்பது பாதி. நடுத்தெருவில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்தினார். வலப்பக்கம் நகர்த்தினார். எங்கள் வண்டி ஒதுங்க இடமில்லாமல் நின்றது. கண்ணாடிப் பெட்டியோடு குந்தியிருந்த வியாபாரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வளையுது” என்றார் சர்வேயர் சார்.

“என்னாது சார் வளையுது?”

“கோபுரம். ஓரத்துல வளையுது பாரு. நல்ல கண்ணாடின்னா நேர்கோடு நேரா தெரியணும்.”

“கோபுரம் வளைஞ்சா நான் இன்னா சார் பண்றது? கட்டுனவங்களைப் போய்க் கேளுங்க.”

“வேணாம், எடுத்துகினு போ” என்று கொடுத்துவிட்டு எங்களை நோக்கித் திரும்பி, வாங்க வாங்க என்று வரவேற்றார். முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. அன்றைக்கு ஏதோ நல்ல செய்தி வந்திருக்கிறது போல என்று நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது. ஒரு கண்ணாடியை வேண்டாம் என்று சொன்ன நாள்களில் எல்லாம் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய தேவை நியாயமானதுதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பொட்டல் காட்டிலும் வரப்பு மேலும் நிற்கிற உத்தியோகம். நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கிற ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவர் குடைக்கு அடியில் நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்து, கண்ணைக் கோடு மாதிரி இடுக்கிக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடுவார். அந்தப் பார்வையைப் பார்த்தே நிறைய விவகாரங்கள் தீர்ந்துவிடும் என்று தாலுகா ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. தாங்கள் நைசாகத் தள்ளிப் போட்ட வரப்பைச் சார் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து, ஆசாமிகள் தாங்களே உண்மையைக் கக்கிவிடுவார்களாம். சாருக்கோ வெயிலில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கும். அக்கா வெள்ளைத் துணியைப் பன்னீரில் நனைத்துக் கொடுப்பார். அதைக் கண்மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபடியே அவர் பேசுவார். பச்சை, நிழலில் நடப்பவனுக்கு. பழுப்பு, சாலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு. நீலம் போடுகிறவன் மடையன். கன்னங்கரேல் என்று போடுகிறவன் திருடன் அல்லது மேடையில் பேசுகிறவன். ஈரத் துணிக்கு அடியிலிருந்து வருகிற அந்தக் குரலில் ஒரு தீர்ப்பின் கனம் இருக்கும்.

என் கணவர் மெட்ராஸ் போனபோது கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கி வந்தார். போட்டால் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது அவர் செய்த தப்பு. சர்வேயர் சார் “கொஞ்சம் குடுங்களேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனவர், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

“தம்பி, இதைப் போட்டுகினு வெயில்ல போறதுக்கு வெறுங்கண்ணோட போறது எவ்வளவோ மேல்.”

“ஏன் சார்? நல்லாத்தானே கறுப்பா இருக்குது?”

“கறுப்பு! கறுப்பா இருந்தா கண்ணு என்னா நினைக்கும்? நிழலு வந்துடுச்சுன்னு நினைச்சிக் கண்ணு பாப்பாவை அகலமாத் திறந்துக்கும். வெளிச்சம் கம்மியாவுது, ஆனா கெட்ட கதிரு இருக்குதே, அதை இந்தக் கண்ணாடி தடுக்காது. திறந்த கதவு வழியா நேரா உள்ள பூந்துடும். கண்ணும்மா இது” என்று என்னைப் பார்த்து முடித்தார். “அவசரப்பட்டு எடுக்கற சாமானா?”

அந்தக் கண்ணாடி அன்றே பீரோவுக்குள் என் கல்யாணப் புடவைக்கு அடியில் போய்விட்டது. பிற்காலத்தில் ஒரு கண் டாக்டரிடம் இதைக் கேட்டேன். சர்வேயர் சார் சொன்னதையேதான் அவரும் சொன்னார். சாரிடம் இருந்த வில்லங்கமே அதுதான். சொல்வது எல்லாம் சரியாக இருக்கும். தப்பாகப் பேசுகிறவரை எதிர்த்துப் பேசலாம். சரியாகவே பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றிப் பீரோவில்தான் வைக்க வேண்டும்.

தேரடித் தெருக் கண்ணாடிக் கடையில் ஆரம்பத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பிறகு அவர் தலை தெரிந்ததும் முதலாளி பின்கட்டுக்குப் போய்விட ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டில் அட்டையில் கண்ணாடிகளைச் செருகி வைத்து விற்கிற பாய் ஒருவர்தான் கடைசிவரை பொறுமையாக இருந்தார். புது சரக்கு வந்தால் முதலில் சாரிடம் காட்டுவார். சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் சொல்லி, அட்டையில் திரும்பச் செருகுவார். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது ஒன்றை வாங்கிவிடுவார். பாய் விவரமானவர்.

மெட்ராஸ் ஐ வந்த வருஷம் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. எல்லோரும் கைக்குக் கிடைத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரிந்தோம். பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு வக்கீல் என்று தெருவே ஏதோ ரகசியப் போலீஸ் மாதிரி இருந்தது. சர்வேயர் சார் மட்டும் கண்ணில் பீளையும் கண்ணீருமாக, ஒட்டிக்கொண்ட இமைகளை விரலால் பிரித்துப் பிரித்து, எங்கள் ஒவ்வொருவர் கண்ணாடியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஏற்றது எது என்று முடிவாவதற்குள் நோய் அதுவாகவே அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது.

கஞ்சத்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்த எண்ணத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மாற்றினார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கிரிவலம் போனோம், சாரும் வந்தார். எதிரே அந்த அம்மாள் வந்தார். மூக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடி. சார் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நேராக அவரிடம் போய், தாலுகா ஆபீஸ் ஆங்கிலத்தில், தங்கள் கண்ணாடியைத் தயவுகூர்ந்து பரிசீலிக்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் சாரின் சிவந்த கண்களைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சாரின் கையில் வைத்து, விரல்களை மூடி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கும்பிட்டார்.

சார் மலையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், மின்சாரக் கம்பத்தைப் பார்த்தார். வளையவில்லை. கண்ணாடியைத் திருப்பி நிறம் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. கீறல் இல்லை. நான் அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் மாதிரி நின்றார். கடைசியில் அதை மூக்கில் வைத்து, ஒரு விரலால் தள்ளி, அது சறுக்கி இறங்கியதும் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

“மூக்குத் தண்டு அகலம். அவங்க மூக்குக்கு செஞ்சது” என்று எங்களிடம் தமிழில் சொல்லிவிட்டு, அந்த அம்மாளிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு “சும்மா குடுத்ததையாவது வாங்கியிருக்கலாம்” என்றார் அக்கா.

“சும்மா குடுத்தா? கண்ணு சும்மாவா வந்துச்சு?” என்றார் சார். அக்கா எதிர்த்துப் பேசவே மாட்டார். அந்த வீட்டில் வார்த்தைகள் எல்லாம் சாரின் பெயரில் பட்டா ஆகியிருந்தன.

ஒரே ஒரு தடவை சார் என்னிடம் வேறு மாதிரி பேசியிருக்கிறார். மின்சாரம் போன ஒரு சாயங்காலம் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “ஏன் சார், ஒண்ணை எடுத்துட்டாத்தான் என்ன?” என்று கேட்டேன். “எடுத்துட்டா முடிஞ்சிபோச்சேம்மா” என்றார். “எடுக்காத வரைக்கும் எங்கயோ ஒரு நல்லது இருக்குது, நமக்குன்னு வந்துகினு இருக்குதுன்னு வெச்சிக்கலாம். எடுத்துட்டா இதுதான். இவ்வளவுதான்.” எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வந்தது உண்மை. ஆனால் கதவுக்குப் பின்னால் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். அந்த வீட்டில் சார் எடுத்தாகிவிட்டது அக்கா ஒருவரைத்தானே.

அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். அங்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டே வந்தார். “வெயில்ல போறப்ப இதைக் கழட்டவே கூடாது. கண்ணுல வெளிச்சம் பட்டாக் கூசும். பவர் கண்ணாடி குடுக்கற வரைக்கும் இதான்.” அக்கா அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தார். போட்டிருந்த கட்டு போய், பல நாள் கழித்து மைதானத்தைப் பார்க்கிறார். சிரித்தார்.

சர்வேயர் சார் வந்து அதை அவர் மூக்கிலிருந்து கழற்றினார். மைதானத்துக் கொடிக்கம்பத்தை நோக்கிப் பிடித்தார். நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

“இது பிளாஸ்டிக்கும்மா.”

“எல்லாருக்கும் இதுதான் சார் குடுக்கறோம். இலவசம்.”

“இலவசம்னா கண்ணு கெட்டாப் பரவாயில்லையா? ஆபரேஷன் பண்ண கண்ணு. நான் நல்லதாப் பாத்து வாங்கிக்கறேன்.”

நர்ஸுக்கு வரிசையில் இன்னும் நிறையப் பேர் பாக்கி. “உங்க இஷ்டம்” என்று அடுத்தவருக்குப் போய்விட்டார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்து முகம் முழுவதும் மூடிக்கொண்டார். குதிரை வண்டியில் அப்படியேதான் வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பேசினோம். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நல்ல கண்ணாடி வரும்வரை அக்கா பகலில் வெளியே வரக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு. கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. அந்த இருட்டறையில் அடுப்பும் எரியும். அக்கா அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, வியர்வையில் ஊறிப்போய் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் எடுக்கக் கூட இருட்டின பிறகுதான் வெளியே வருவார். சார் லீவு நாளெல்லாம் கண்ணாடி தேடினார். விழுப்புரம் போனார், ஆரணி போனார். போய்விட்டு வந்து எங்கெங்கே என்னென்ன குறை என்று இருட்டறை வாசலில் நின்று விவரித்தார். மனைவிமேல் அக்கறை இல்லை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவ்வளவு அக்கறை.

மகளுக்கு அப்போது நிறைமாசம். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். கண் தெரியாதவள் பிள்ளைத்தாய்ச்சியை எப்படிப் பார்ப்பாள் என்று சம்பந்தி வீட்டில் அனுப்பவில்லை. வளைகாப்புக்கும் அக்கா போகவில்லை. பகலில் நடக்கிற விசேஷம் ஆயிற்றே, கண்ணாடி வரவில்லையே. சார் மட்டும் போய்விட்டு வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று அக்கா கேட்டதற்கு, நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் சித்தப்பா போட்டிருந்த கூலிங் கிளாஸ் எவ்வளவு மட்டமானது என்பதைச் சாப்பிட்டு முடிக்கிறவரை சொன்னார். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தார். ரசத்தை ஊற்றும்போது கரண்டி தட்டில் இடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் காலை ஷிஃப்டில் இருந்தேன். கீழ்பென்னாத்தூர் லைனில் விளக்கு எரிந்தது. எடுத்தால், ரைஸ்மில்லிலிருந்து சம்பந்தி. என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரம்மா கிட்ட சொல்லிடுங்க. பொண்ணுக்கு வலி கண்டுடுச்சு. இங்க ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். அம்மா அம்மான்னு கத்துது.”

ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன். நடுப்பகல். சார் வேலூருக்குப் போயிருந்தார். அங்கே ஒரு கடையில் அசல் கண்ணாடி வந்திருப்பதாக யாரோ சொன்னார்களாம். இருட்டறை வாசலில் நின்று அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சார் வரட்டும், வந்ததும் சேர்ந்து போங்கள் என்றும் சொன்னேன். உள்ளே பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. புடவை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு பையோடு, அக்கா அந்தக் கத்திரி வெயிலில் வெளியே வந்தார். கண்ணில் பளீரென்று அடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் கொட்டியது.

“அக்கா, முடியாது, வேணாங்க்கா.”

“கையைப் புடிச்சிக்கோ. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு போய் வுடு.”

தலைப்பால் முகத்தை மூடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டில் நேராகக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குப் போகப் பார்த்தேன். அக்கா என் தோளை அழுத்தி நிறுத்தினார்.

“இங்க கண்ணாடி விக்கிற பாய் இருக்காராமே. எங்க?”

பாய் அட்டையோடு புங்கமர நிழலில் இருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“வாங்கம்மா, உக்காருங்க. சாருக்குத் தெரியுமா? அவரு பாக்காம நான் குடுத்துட்டா…”

“பாய், அவரு உங்க கிட்ட எல்லாத்தையும் பாத்திருக்காருல்ல?”

“பாக்காதது இல்லம்மா.”

“எல்லாத்தையும் வேணாம்னு சொன்னாருல்ல?”

“ஆமா” என்றார் பாய், கொஞ்சம் சங்கடத்தோடு.

“அதுல எதை ரொம்ப நேரம் பாத்துட்டு வேணாம்னாரு? அதைக் குடுங்க.”

பாய் அக்காவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அட்டையின் மேல் வரிசையைத் தொடக்கூட இல்லை. பெட்டிக்கு அடியில் கை விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். பழுப்பு நிறம், கனமான ஃபிரேம். “இதை மூணு வாட்டி வந்து பாத்தாரும்மா. திரும்பத் திரும்ப வந்து பாத்தாரு. குத்தமே சொல்லலை. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவருக்குன்னுதான் எடுத்து வெச்சேன்.”

அக்கா தலைப்பை விலக்கிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். ஆண்களுக்கான கண்ணாடி. அந்தச் சின்ன முகத்தில் பாதியை அது மறைத்தது. பஸ் ஸ்டாண்டு, கூட்டம், வெள்ளரிக்காய்க் கூடைக்காரிகள், அதற்கு மேல் மலை என்று மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நல்லா இருக்குது” என்றார். வாங்கி முடிந்தது. அவர் கணவர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தும் முடியாத காரியம், பஸ் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. என் தோளை விட்டுவிட்டு அக்காவே படியேறினார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். மகள் அம்மாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. கண்ணீருக்கு நடுவில் “இன்னாம்மா இது வேஷம்?” என்று சிரித்தாள்.

சாயங்காலம் சர்வேயர் சார் வந்தார். நான் சொல்லிவைத்துவிட்டு வந்தபடி எதிர்வீட்டு வக்கீல் விஷயம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேலூரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர், வீட்டுக்குள்கூடப் போகாமல் பஸ் பிடித்திருந்தார். மகளைப் பார்த்து நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியை அவருக்குத் தெரியாதா? ஏதோ பழைய சிநேகிதரை ஆகாத இடத்தில் சந்தித்துவிட்டவர் போல நின்றார். கை தானாக நீண்டது.

“கையை எடுங்க” என்றார் அக்கா.

குரல் உயரவில்லை. ஆனாலும் வார்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

“சும்மா பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“பாத்தீங்கன்னா வேணாம்னுடுவீங்க.”

“அதுக்கில்ல, ஆபரேஷன் பண்ண கண்ணு…”

“கண்ணு என்னுது” என்றார் அக்கா. “பேத்தியைப் பாருங்க. அதையாவது குத்தம் சொல்லாதீங்க.”

சம்பந்தியம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். சார் குனிந்து குழந்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “மூக்கு…” என்று ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். “மூக்கு நல்லா இருக்குது” என்று முடித்தார்.

அக்கா அங்கேயே தங்கிவிட்டார். சில நாள் கழித்துச் சம்பந்தியிடம், பெண்ணையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை, சொல்லியிருக்கிறார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் அவர்களை அழைத்து வரப் போனோம். வீட்டில் அந்தக் கோணிச் சாக்கை அன்று காலையில் சாரே அவிழ்த்து மடித்து வைத்ததைப் பார்த்தேன். யாரும் சொல்லாமல் அவர் செய்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சாயங்காலப் பஸ். ஊரை விட்டு வெளியே வந்து மேற்கே திரும்பியதும் வெயில் நேர் எதிரே வந்துவிட்டது. முன்பக்கக் கண்ணாடி முழுக்க நெருப்பு. டிரைவர் ஒரு கையைப் புருவத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பஸ்ஸில் எல்லோர் முகமும் சுருங்கிக் கிடந்தது. மகள் குழந்தையைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். முன்சீட்டில் ஜன்னலோரம் அக்கா. நிமிர்ந்து, நேராக, வேர்க்கடலைச் செடி முளைத்த கொல்லைகளையும் சாலையையும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் சர்வேயர் சார் தோள் துண்டை எடுத்து முகம் முழுக்கப் போர்த்திக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார்.

பாதி வழியில் துண்டுக்கு உள்ளே இருந்து குரல் வந்தது.

“எங்க வருது? ஊரு வந்துடுச்சா?”

“இன்னும் வரலை” என்றார் அக்கா, திரும்பாமல். “நீங்க மூடிகினு இருங்க. வந்தா நான் சொல்றேன்.”